பெயரும் பொருளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை யான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் உங்களிற் சிலர் வியப்படைந்திருக்கலாம். யானோ தமிழ் கற்பிக்கும் பள்ளி ஆசிரியன். எழுவாய் பயனிலையும் புணர்ச்சி விதியுமே என் நாட்டொழில். இத்தகையான் செயற்கையறிவு, பிளாக்செயின், டிஜிட்டல் ஊடகம் என்னும் புதுத்துறைகளைப் பற்றிப் பேச முற்படுவது, உப்பு வாணிகன் கற்பூர விலை கூறுவதை ஒக்குமன்றோ என்று நீங்கள் கருதினால் அதனை மறுக்கமாட்டேன். ஆயினும் இவற்றை யான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் மறைக்காமற் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுடைய தந்தையார் என் இல்லத்திற்கு வந்தார். கையில் ஓர் அச்சிட்ட விளம்பரம் வைத்திருந்தார். பிளாக்செயின் படிப்பை ஆறு திங்களிற் கற்பித்து, உயர்ந்த சம்பளத்தில் வேலையும் வாங்கித் தருவதாக அதிற் கண்டிருந்தது. "ஐயா, நீங்கள் நாலெழுத்துப் படித்தவர்கள். பையனை இதிற் சேர்க்கலாமா?" என்று கேட்டார். எனக்கு அச்சொல்லின் பொருளே தெரியாது. தெரியாது என்று சொல்ல நாணி, "காலத்திற்கேற்ற கல்விதான், சேருங்கள்" என்று கூறிவிட்டேன். அவர் மனைவியாரின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. பையன் ஒரு சான்றிதழ் பெற்றான், வேலை பெறவில்லை. இன்று அதே வகையான விளம்பரங்கள் செயற்கையறிவு என்னும் பெயரைத் தாங்கி வருகின்றன. மீண்டும் பெற்றோர்கள் என்னை வந்து கேட்கின்றார்கள். இம்முறை அறியாமல் விடை கூறலாகாது என உறுதிகொண்டு, என்னால் இயன்றமட்டும் படித்தேன். அவ்வாறு படிக்குமிடத்து ஒரு கல்வியாளருடைய வாழ்க்கைப் பணி எனக்குக் கைவிளக்காக அமைந்தது. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

அவர் பெயர் அர்விந்த் நாராயணன். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்திலுள்ள பிரின்ஸ்டன் சர்வகலாசாலையிற் கணிப்பொறியியற் பேராசிரியர். அங்குள்ள தகவல் தொழில்நுட்பக் கொள்கை நிலையத்தின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றவர். 2004-ஆம் ஆண்டிற் சென்னை ஐ.ஐ.டி.யிற் பட்டம் பெற்றார். பின்னர் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து 2009-இல் டாக்டர் பட்டம் பெற்று, 2012-இற் பிரின்ஸ்டனில் ஆசிரியராக அமர்ந்தார். அவர் எவ்வூரார், எக்குலத்தார் என்பதை யான் ஆராயவில்லை, நீங்களும் ஆராயவேண்டா. கற்றவனை அளத்தற்கு அவன் செய்த பணியே கோல்.

இவருடைய பணியை மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு, ஒரு துறையினின்று மற்றொரு துறைக்குத் தாவிக்கொண்டே இருந்தவர் போலத் தோன்றும். முதலில் மக்களின் அந்தரங்கத்தைப் பற்றி எழுதினார். பிறகு இணையத்தளங்களின் சூழ்ச்சிகளை ஆராய்ந்தார். பிட்காயினுக்குப் பாடநூல் செய்தார். இப்போது செயற்கையறிவைப் பற்றிப் பேசுகின்றார். உற்று நோக்குவார்க்கோ இவை யாவற்றினுள்ளும் ஓடும் வினா ஒன்றே என்பது விளங்கும். 'இப்பொறியைப் பற்றிச் சொல்லப்படுவது மெய்யா? மெய்யென்றால் அதனைச் சோதித்தறிவது எங்ஙனம்?' என்பதே அவ்வினா. துறையின் பெயர் மாறிற்று, வினா மாறவில்லை. இதனை நீங்கள் மனத்திற் பதித்துக்கொண்டால் இன்று யான் பேச வந்த பயன் நிறைவேறிவிடும். எஞ்சியவை இதற்கு எடுத்துக்காட்டுக்களே.

முதலாவதாக அவரது மாணவப் பருவத்து ஆராய்ச்சியைக் காண்போம். நெட்பிளிக்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி அந்நாளிற் படத்தட்டுக்களைத் தபாலில் அனுப்பி வாடகை பெற்று வந்தது. ஒருவர்க்கு எந்தப் படம் பிடிக்கும் என்பதைத் தன் பொறி கணிப்பதினும் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்மையாகக் கணிப்பவர்க்கு 10 லட்சம் டாலர் பரிசளிப்பதாக 2006-இல் அக்கம்பெனி அறிவித்தது. போட்டியாளர் பயன்படுத்துவதற்காக, ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்கள் 17,770 படங்களுக்கு இட்ட 10 கோடிக்கு மேற்பட்ட மதிப்பெண்களைப் பொதுவில் வெளியிட்டது. சந்தாதாரர் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டமையால் ஒருவருடைய அந்தரங்கமும் வெளிப்படாது என்பது கம்பெனியின் துணிபு.

அத்துணிபைச் சோதிக்கப் புகுந்தவர் இருவர்: மாணவராகிய நாராயணனும், அவருக்கு ஆசிரியராகிய விட்டாலி ஷ்மாட்டிகோவும். ஒருவர் பார்த்த 8 படங்களும், அவற்றிற்கு இட்ட மதிப்பெண்ணும், ஏறக்குறைய எந்நாளில் இட்டார் என்பதும் தெரிந்தாற் போதும்; அவற்றுள் 2 முழுதும் பிழையாக இருப்பினும், நாட்கணக்கு 14 நாள் முன்பின்னாக இருப்பினும், நூற்றுக்கு 99 பேருடைய வரிசையை அப்பெருங்குவியலிலிருந்து தனித்து எடுத்துவிடலாம் என 2008-இல் வெளிவந்த கட்டுரையில் அவர்கள் நிறுவினார்கள். மேலும், திரைப்படங்களைப் பற்றிப் பலரும் கருத்தெழுதும் பொதுத்தளம் ஒன்றிலிருந்து சிலருடைய குறிப்புக்களை எடுத்து ஒப்பிட்டு, இருவரை இனங்கண்டும் காட்டினார்கள்.

இது மாயமன்று. எங்கள் பள்ளியில் விடைத்தாளிற் பெயரை மறைத்து எண்ணை மட்டும் இட்டுக் கொடுத்தாலும், பல்லாண்டு கற்பித்த ஆசிரியன் கையெழுத்தைக் கண்டவுடன் எழுதியவன் இன்னான் என்று அறிந்துகொள்வான். ஒருவர் பார்த்த படங்களின் தொகுதியும் ஒரு கையெழுத்தே. நாம் வாங்கும் பொருள்கள், செல்லும் இடங்கள், தேடும் சொற்கள் ஆகியவற்றின் தொகுதியும் அவ்வாறே. பெயரை அழித்தாலும் கையெழுத்து அழிவதில்லை. நெட்பிளிக்ஸ் கம்பெனி அறிவித்திருந்த இரண்டாம் பந்தயம், வழக்கொன்று தொடரப்பட்டு அரசாங்கத்தின் வர்த்தக ஆணையமும் வினா எழுப்பிய பின்னர், 2010-இற் கைவிடப்பட்டது. 'பெயரை நீக்கிவிட்டோம், அஞ்சவேண்டா' என்று இனி எவர் கூறினும், இக்கதையை நினைவுகூர்க.

இரண்டாவது, டிஜிட்டல் ஊடகத்தைப் பற்றிய பணி. இதன் தொடக்கம் ஒரு தோல்வியாகும் என்பதையும் கூறவேண்டும். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் இருந்த காலத்தில், 'என்னைப் பின்தொடராதே' என்னும் குறிப்பை ஒவ்வொருவரும் தம் உலாவியின் வாயிலாகத் தளங்களுக்குத் தெரிவிக்கும் முறையொன்றை ஜோனதன் மேயர் என்பவருடன் சேர்ந்து நாராயணன் முன்வைத்தார். அக்குறிப்பை மதித்து நடக்கும்படி விளம்பரக்காரரைக் கட்டாயப்படுத்துவார் இல்லாமையால், பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அதனை உலகப் பொதுவிதியாக்கக் கூடிய குழு 2019-இற் கலைந்தது. வேண்டுகோளினால் ஆகாதது அளவையினால் ஆகலாம் என்பதுபோல, அவரது பணி பின்பு அளந்து காட்டும் நெறியிற் சென்றது. அவரும் அவர் மாணவர்களும் தளங்களைத் தானே திறந்து, அவை செய்வனவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளும் கருவியொன்றை அமைத்தார்கள். அதனைக்கொண்டு 10 லட்சம் தளங்களைச் சோதித்து, யார் யார் நம்மைப் பின்தொடர்கின்றனர் என்பதை 2016-இல் வெளியிட்டார்கள்.

2019-ஆம் ஆண்டின் ஆராய்ச்சியோ நம் வீட்டுப் பெண்மக்களும் அறியவேண்டுவது. ஏறத்தாழ 11,000 கடைத்தளங்களை இவர் குழுவினர் ஆராய்ந்தனர். வாங்குவோரை மயக்கிப் பணம் பறிக்கும் சூழ்ச்சிகள் 1,818 இடங்களில் இருப்பதைக் கண்டு, அவற்றை 15 வகையாகப் பிரித்தனர். 'இன்னும் பத்து நிமிடத்திற் சலுகை முடியும்' என்று ஓடும் கடிகாரம், முடிந்தபின் மீண்டும் முதலிலிருந்து ஓடுவது ஒரு வகை. 'இரண்டே எஞ்சியுள்ளன' என்று பொய்யாகக் காட்டுவது மற்றொரு வகை. வேண்டாமென்று மறுப்பதற்கே 'எனக்குப் பணத்தை மிச்சப்படுத்த விருப்பமில்லை' என்னும் பொத்தானை அழுத்தச் செய்து நாணவைப்பது பிறிதொரு வகை. இவற்றை விலைக்குச் செய்து கொடுக்கும் கம்பெனிகளும் இருத்தலை அவர்கள் கண்டுபிடித்தார்கள். சந்தையிற் கள்ளத்தராசு வைப்பவனை நாம் அறிவோம். தராசே இல்லாத சந்தையில் நம் மனமே தராசாதலின், அதன் தட்டில் விரலை வைத்து அழுத்துகின்றார்கள். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தகைய சூழ்ச்சிகள் 13-ஐப் பெயர் குறித்து விலக்கி நெறிமுறை வெளியிட்டது. ஆகலின் ஏமாந்தவர்கள் வாளா இருத்தல் வேண்டா, முறையிட இடமுண்டு.

மூன்றாவது, என் பழைய குற்றத்திற்குக் காரணமாகிய பிளாக்செயின். அச்சொல்லுக்குத் 'துண்டங்களின் சங்கிலி' என்பது பொருள். அதன் அமைப்பு இது: ஒரு கணக்கேடு உண்டு. அதன் ஒவ்வோர் ஏட்டின் தலைப்பிலும், முந்திய ஏட்டிலுள்ள எழுத்து முழுவதையும் கணித்துப் பெற்ற ஒரு முத்திரையெண் பொறிக்கப்படும். முந்திய ஏட்டில் ஓர் எழுத்தை மாற்றினும் அதன் முத்திரையெண் மாறிவிடும்; அடுத்த ஏட்டிற் பொறித்ததோடு அது பொருந்தாது. ஆகவே பழைய கணக்கை ஒருவன் திருத்தினால் உடனே வெளிப்பட்டுவிடும். இவ்வேட்டின் படிகள் பலர் கையில் இருத்தலால், ஒரு கணக்கப்பிள்ளையை நம்பியிருக்கவும் வேண்டுவதில்லை. சதோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயருடையார் 2008-இற் பிட்காயினைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டு, 2009 ஜனவரியில் அதன் முதல் ஏட்டைத் தொடங்கினார்.

இதனை முன்பின் இல்லாத புதுமையென்று பலர் முழங்கிய காலத்தில், நாராயணனும் ஜெர்மி கிளார்க் என்பவரும் 2017-இல் ஒரு கட்டுரை எழுதி இதன் மூலத்தை ஆராய்ந்தார்கள். தமிழ் கற்ற நாம் ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன், இது முதல்நூலா, வழிநூலா, சார்புநூலா என்று கேட்போமல்லவா? அதே வினாவையே அவர்கள் கேட்டார்கள். பிட்காயினின் உறுப்புக்கள் பெரும்பாலும் 1980, 1990-ஆம் ஆண்டுகளிலேயே கற்றோர் எழுதிவைத்தவை என்பதைக் காட்டினார்கள். முத்திரையெண்களைச் சங்கிலியாக்கிப் பத்திரங்களுக்குக் காலக்குறி இடும் முறையை ஹேபர், ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் 1991-இலேயே கூறினர். அவ்வகை முத்திரையெண் 1995 முதல் வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் விளம்பரப் பகுதியிலே அச்சிடப்பட்டும் வந்தது. உறுப்புக்கள் பழையன, அவற்றைப் பொருத்திய திறமே நாகமோட்டோவினுடையது. இவ்வாறு கூறுதல் அவரை இழித்தலாகாது. வழிநூல் செய்தவனுக்கும் புலமை உண்டு.

அத்துறையிற் பாடநூலே இயற்றியவர் நாராயணன். வேறு நால்வருடன் சேர்ந்து அவர் எழுதிய பிட்காயின் பாடநூல் 2016-இற் பிரின்ஸ்டன் சர்வகலாசாலைப் பதிப்பாக வெளிவந்தது. பாடநூல் எழுதினவர் தம் துறையைப் புகழ்ந்து பேசுதல் உலக இயல்பு. இவரோ அவ்வாறு செய்யவில்லை. கம்பெனிகள் தமக்குள்ளே வைத்துக்கொள்ளும் 'தனியார் பிளாக்செயின்' என்பது, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சாதாரணத் தரவேட்டிற்கு இட்ட குழப்பமான பெயரே என்று 2015-இலேயே எழுதினார். 2018 ஆகஸ்டில் அமெரிக்க செனட் சபையின் எரிசக்திக் குழுவின்முன் சாட்சியம் அளித்தபோது, பிட்காயினுக்காக அந்நாளிற் செலவான மின்சாரம் உலக மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கிற்குச் சற்றே குறைவு என்று தம் மதிப்பீட்டை உரைத்தார். அடுத்த ஏட்டை எழுதும் உரிமைக்காக எண்ணற்ற பொறிகள் வேறு பயனில்லாத புதிர்க்கணக்கைப் போட்டியிட்டுச் செய்வதே அச்செலவுக்குக் காரணம். எதீரியம் என்னும் மற்றொரு சங்கிலி 2022 செப்டம்பரில் அம்முறையைக் கைவிட்டுத் தன் மின்செலவை நூற்றுக்கு 99 பங்கிற்கு மேற் குறைத்துக்கொண்டது.

அன்பர்களே! ஈண்டு ஒன்றைச் சொல்லும்போது என் நெஞ்சு சுடுகின்றது. அப்பாடநூலின் முழு வரைவும் இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்குமாறு வைக்கப்பட்டிருந்தது; அதன்வழிப் பாடங்களும் காணொளியாகக் கிடைத்தன. உலகின் சிறந்த ஆசிரியர்கள் விலையின்றி வழங்கிய கல்விக்காகவா ஒரு தாயின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது! யான் அன்று 'தெரியாது. இரண்டு நாள் பொறுங்கள். கேட்டுச் சொல்கிறேன்' என்று கூறியிருந்தால் அச்சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

நான்காவது, இன்று எங்கும் பேசப்படும் செயற்கையறிவு. இதில் அறநெறி என்பது யாது? 2017-இல் அய்லின் கலிஸ்கன், ஜோவன்னா பிரைசன், நாராயணன் ஆகிய மூவரும் சயன்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இணையத்திலிருந்து திரட்டிய 84,000 கோடிச் சொற்களைப் படித்துப் பழகிய பொறி, எச்சொல்லை எச்சொல்லோடு உறவாக்குகின்றது என அளந்தார்கள். பூவை இனிமையோடும் பூச்சியை வெறுப்போடும் அது சேர்த்தது, அதிற் குற்றமில்லை. ஆனால் ஆண்பெயரை உத்தியோகத்தோடும் பெண்பெயரைக் குடும்பத்தோடும் சேர்த்தது. அமெரிக்காவில் வெள்ளையர் வழங்கும் பெயர்களை இனிய சொற்களோடும், கறுப்பர் வழங்கும் பெயர்களை இன்னாச் சொற்களோடும் சேர்த்தது. பெயரைக் கேட்டவுடன் மனிதனை அளக்கும் வழக்கம் எங்கே உண்டோ, அங்கே எழுதப்பட்ட நூல்களைப் படித்த பொறியும் அதனைக் கற்றுக்கொள்கின்றது. அவ்வழக்கம் நம் நாட்டிற்கும் புதிதன்று என்பதை யான் சொல்லி நீங்கள் அறியவேண்டுவதில்லை.

துருக்கி மொழியைக்கொண்டு அவர்கள் காட்டிய சான்று தமிழருக்கு எளிதில் விளங்கும். அம்மொழியில் 'ஓ' என்னும் ஒரே சொல் அவன், அவள், அது ஆகிய மூன்றற்கும் பொதுவாம். நாம் 'அவர் மருத்துவர்' என்னும்போது ஆணா பெண்ணா என்பது தோன்றாதவாறு போல, அங்கும் தோன்றாது. அத்தகைய வாக்கியங்களை மொழிபெயர்ப்புப் பொறி ஆங்கிலத்தில் தரும்போது, மருத்துவரை ஆணாகவும் தாதியைப் பெண்ணாகவும் மாற்றியது. மூலத்தில் இல்லாத பாலைப் பொறி தானே புகுத்தியது. கூகிள் கம்பெனி 2018 டிசம்பரில் துருக்கி மொழியின் இத்தகைய வாக்கியங்களுக்கு இருபால் மொழிபெயர்ப்பையும் காட்டத் தொடங்கிற்று. பிழையை எடுத்துரைத்தால் திருத்தம் பிறக்கும் என்பதற்கு இது சான்று.

இனி மற்றொன்று கூறுவேன். இதுவே ஆசிரியர்களும் பெற்றோர்களும் பெரிதும் கருதத்தக்கது. 2019-இல் நாராயணன் ஆற்றிய ஒரு சொற்பொழிவிற் செயற்கையறிவு என்னும் பெயரில் விற்கப்படுவனவற்றை வகைப்படுத்தினார். படத்திலுள்ளது யாது, பேசிய சொல் யாது என உணரும் பொறிகள் விரைந்து முன்னேறி வருகின்றன. ஆனால் ஒரு மனிதனுடைய வருங்காலத்தை முன்கூட்டி உரைப்பதாகக் கூறும் பொறிகள், இவன் நல்ல ஊழியனாவானா, இவன் மீண்டும் குற்றம் செய்வானா என்று கூறுபவை, போலிமருந்தை ஒத்தன என்றார். இக்கருத்தை விரித்துத் தம் மாணவர் சயாஷ் கபூருடன் அவர் எழுதிய நூல் 2024-இல் வெளிவந்தது.

இதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று பிரின்ஸ்டனிலேயே மாத்யூ சல்கானிக் முதலியோர் நடத்திய சோதனை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த குழந்தைகளைப் பெற்ற 4,242 குடும்பங்களைப் பற்றி, குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 13,000 செய்திகள் திரட்டப்பட்டிருந்தன. பிள்ளைக்கு 9 வயது வரையுள்ள செய்திகளைக்கொண்டு, 15 வயதில் அவன் பள்ளி மதிப்பெண் என்ன, அவன் குடும்பம் வீட்டினின்று வெளியேற்றப்படுமா என்பன போன்ற 6 நிலைகளைக் கணிக்குமாறு 160 குழுவினர் முயன்றனர். 2020-இல் வெளியான முடிவு யாது? மிக நுட்பமான பொறிகளின் கணிப்பும், நான்கே செய்திகளைக்கொண்டு பழைய முறையிற் செய்த எளிய கணிப்பினும் சிறிதே மேம்பட்டது. இரண்டும் செம்மையாக இல்லை.

இதனைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட என் ஆசிரியத் தொழிலில், 'இவன் தேறமாட்டான்' என்று எத்தனை பிள்ளைகளின் பெற்றோரிடம் துணிந்து கூறியிருப்பேன்! ஒருமுறை ஒரு மாணவியின் தந்தையாரிடம், இப்பெண்ணை மேலே படிக்கவைத்துப் பணத்தை வீணாக்கவேண்டா என்றேன். அவர் என் சொல்லைக் கேளாமையே அப்பெண்ணின் நற்பேறு. அவள் மேற்படிப்பை நன்கு முடித்து, ஒரு நாள் இனிப்புப் பொட்டலத்தோடு என்னை வணங்க வந்தாள். யான் தலைநிமிர்ந்து அவளைப் பார்க்க இயலவில்லை. 13,000 செய்திகளை வைத்துக்கொண்டு பொறி அறியாததை, மூன்று தேர்வு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யான் அறிந்ததாக எண்ணினேன். என் பிழை ஒரு வீட்டோடு நின்றது. அதே பிழையைப் பொறி செய்யுமாயின் ஒரே நாளில் லட்சம் வீடுகளுக்குச் செய்யும். எதிர்த்து வாதாட ஆள் முகமும் இராது. அறநெறி என்று கற்றோர் கூறுவது இதனையே.

பொறிகள் வியத்தகு வெற்றி பெற்றதாகக் கூறும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் நாராயணனும் கபூரும் விடவில்லை. பொறிக்குக் கற்பித்த பாடத்திலேயே அதன் தேர்வுக்குரிய விடையும் கலந்துவிடுதல் உண்டு. நம் மொழியிற் சொன்னால், அது வினாத்தாள் வெளியாதல். வெளியான வினாத்தாளை மனனம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கியவனை நாம் மெச்சுவோமா? இக்குற்றம் 17 ஆராய்ச்சித் துறைகளில் 294 கட்டுரைகளைப் பாதித்திருத்தலை அவர்கள் 2023-இல் எடுத்துக்காட்டினார்கள். உள்நாட்டுப் போர் மூளுவதைப் புதுப்பொறிகள் திறம்படக் கணிப்பதாகக் கூறிய கட்டுரைகளை எடுத்து, அக்கலப்பை நீக்கிப் பார்த்தபோது, பழைய முறையினும் அவை சிறந்தன அல்ல என்பது புலனாயிற்று.

'எல்லாவற்றையும் குறைகூறுபவர் போலும் இவர்' என்று யாரேனும் எண்ணலாம். அற்றன்று. செயற்கையறிவு பயனற்றது என்று அவர் யாண்டும் கூறவில்லை. 2025-இற் கபூருடன் எழுதிய நீண்ட கட்டுரையில், இது மின்சாரத்தைப் போல ஒரு சாதாரணத் தொழில்நுட்பம், பெரும்பயன் தரக்கூடியது, ஆனால் உலகில் ஊன்றிப் பரவப் பல பத்தாண்டுகள் செல்லும் என்னும் கருத்தையே வற்புறுத்துகின்றார். தெய்வம் என்று கும்பிடவும் வேண்டா. பேயென்று அஞ்சி ஓடவும் வேண்டா என்பது அதன் கருத்து எனக் கொள்ளலாம். பொன்னை உரைத்துப் பார்ப்பவன் பொன்னுக்குப் பகைவன் அல்லன். உரைகல் இல்லாத ஊரிற் பித்தளையே விலைபோகும்.

இனி நமக்கு வேண்டுவது யாது? எருது ஈன்றது என்றாற் கன்றைத் தொழுவத்திற் கட்டு என்பாரைப் போல நாம் இராமல், எப்புதுப்பெயர் வந்தாலும் மூன்று வினாக்கள் கேட்கப் பழகுதல் வேண்டும். இப்பொறி செய்வதாகக் கூறும் செயல் யாது. உணர்தலா, எழுதுதலா, வருங்காலம் உரைத்தலா? அது செய்கின்றது என்பதை விற்பவன் அல்லாத பிறர் யாரேனும் சோதித்துள்ளனரா? பிழைபட்டால் அதன் துன்பத்தை ஏற்பவர் யார்? இம்மூன்றற்கும் விடை கூறாதவனிடம் பணத்தைக் கொடாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகளைச் சேர்க்கும்போது படிப்பின் பெயரைக் கேளாதீர்கள். அதனுள் யாது கற்பிப்பர் என்று கேளுங்கள். பெயர்கள் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. கணிதமும், புள்ளியியலும், பிழையற எழுதும் ஆற்றலும், ஒரு கூற்றை ஐயுற்று ஆராயும் பழக்கமும் மாறுவதில்லை. இளைஞர்களே! பொறிகளின் நடுநிலைமையைப் பற்றி நாராயணன் வேறு இருவருடன் எழுதி 2023-இல் அச்சான பாடநூலும் இணையத்தில் விலையின்றியே கிடைக்கின்றது. அதனைப் படிக்க ஆங்கிலமும் கணிதமும் வேண்டும், சங்கிலி வேண்டா. கடினமாக இருப்பின் நால்வர் கூடிப் படியுங்கள். நாளுக்கு இரண்டு பக்கம் சென்றாலும் போதும்.

சென்ற திங்கள் அம்மாணவனுடைய தந்தையாரைத் தேடிச் சென்றேன். "அன்று நீங்கள் கேட்ட பொருள் எனக்குத் தெரியாது, தெரிந்தவன் போல விடை சொன்னேன்" என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஐயா, இளையவன் இவ்வாண்டு பள்ளி முடிக்கிறான். இப்போது சொல்லுங்கள், அவனை எதிற் சேர்க்கலாம்?" என்று கேட்டார். "இரண்டு நாள் பொறுங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். கேட்டேன்; அறிந்ததையும் அறியாததையும் பிரித்துச் சொன்னேன். இத்தனை ஆண்டு ஆசிரியத் தொழிலில் யான் ஒழுங்காகச் சொன்ன விடைகளுள் அதுவும் ஒன்று என்று கருதுகின்றேன்.

 யான் கூறியவற்றுட் குற்றம் இருப்பின் பொறுத்துத் திருத்துவீர்களாக. குணம் இருப்பின் வீட்டிற்குச் சென்று பிள்ளைகளோடு பேசுவீர்களாக.